சாப்பாட்டுப் பார்சலும் சாரதியின் காப்புறுதியும்

மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதன் பின்னர், கொக்கட்டிச்சோலை மக்கள் மட்டக்களப்பு வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காத்தான்குடிக் கடையில் கட்டிய கொத்துரொட்டிப் பார்சல் ஆறுமுன்னரே முச்சக்கர வண்டியில் படுவான்கரையை அடைந்துவிடலாம். ஆனால், அவ்வண்டியின் காப்புறுதி எந்தப் பாவனைக்காகப் பெறப்பட்டது?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. விபத்தில் பிறருக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்குமே அது பொறுப்பேற்கும். சாரதியின் காயத்துக்கோ அவரது வண்டியின் சேதத்துக்கோ அன்று.

முழுக் காப்புறுதி பெற்றவரும் கவலையற்றிருக்க முடியாது. வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வரையறை காப்புறுதிப் பத்திரத்தில் உண்டு. தனிப்பட்ட பாவனைக்கெனக் காப்புறுதி செய்த வண்டியில் கூலிக்கு உணவு ஏற்றினால், நட்டஈட்டை மறுக்க நிறுவனத்துக்கு இடமுண்டு. பயணிகளை ஏற்றவென வாடகைப் பாவனைக்குப் பதிந்திருந்தாலும், உணவு விநியோகமும் அதில் அடங்குமா எனக் கேட்டறிய வேண்டும். காப்புறுதி என்பது முழு நம்பிக்கையின் மீது அமைந்த ஒப்பந்தம். உண்மை விபரத்தை மறையாது கூறுவது அதைப் பெறுபவரின் கடமையாகும். தகாபுல் முறையைத் தெரிவுசெய்தோருக்கும் இது பொருந்தும்.

வண்டி நொறுங்கிக் கிடந்தாலும் லீசிங் தவணை நிற்பதில்லை. எனவே, பார்சல் ஏற்றுமுன் சாரதிகள் தமது நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம். ஓட்டம் கொடுக்கும் கடைக்காரரும் அதனைக் கேட்டறிதல் நன்று.