முட்டையில் வெள்ளரிக்காய் வரைந்த 'ஜெயில்' ஓவியர்!

மாலுமி மனைவியை ஒளித்து வைத்ததாக 6 மாதம் கம்பி எண்ணியவர்

அடுத்தவர் மனைவியை ஒளித்து வைத்த வழக்கில் ஜெயிலுக்குப் போன ஓர் ஆசாமி வரைந்த ஆப்பிளும் வெள்ளரிக்காயும், 500 ஆண்டு தாண்டியும் வாடாமல் இருக்கின்றன. அவர் வர்ணம் குழைத்தது கோழி முட்டையின் மஞ்சள் கருவில்!

ஆசாமியின் பெயர் கார்லோ கிரிவெல்லி. ஊர், இத்தாலியில் உள்ள வெனிஸ். அப்பாவும் ஓவியர்தான்.

கோர்ட்டில் தீர்ப்பு

வாலிப வயதிலேயே ஓவியர் என்று பேர் எடுத்த கிரிவெல்லிக்கும், தார்சியா என்ற பெண்ணுக்கும் தொடர்பு ஏற்பட்டது. அவள் ஒரு மாலுமியின் மனைவி. புருஷன் கண்ணில் படாமல் அவளைப் பல மாதம் மறைத்து வைத்திருந்தார் என்பது வழக்கு. 1457-ம் ஆண்டு மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது: 6 மாதம் ஜெயில், 200 லிரா அபராதம்!

தண்டனைக்குப் பிறகு அவர் வெனிசில் நிலைக்கவில்லை. 1465-ல் கடலுக்கு அக்கரையில், இப்போதைய குரோஷியாவில் உள்ள சாரா நகரில் இருந்தார். பிறகு இத்தாலிக்கே திரும்பி, அஸ்கோலி முதலான மலையூர்களில் சர்ச்சுகளுக்குப் படம் வரைந்து பிழைத்தார்.

மஞ்சக்கரு வித்தை

அந்தக் காலத்தில் இத்தாலியில் மரப்பலகைப் படத்துக்கு மஞ்சள் கருதான் முக்கிய பசை. பலகையில் ஜிப்சமும் மிருகத்தோல் பசையும் கலந்து பூசி, காய்ந்ததும் வழவழவென்று இழைப்பார்கள். வெள்ளைக் கரு போக, மஞ்சள் கருவை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டித் துடைப்பார்கள். மேல்தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்தினால் கரு மட்டும் வழியும். தோலை வீசிவிட வேண்டியதுதான். கருவோடு கொஞ்சம் தண்ணீரும், அரைத்த வர்ணப் பொடியும் சேர்த்தால் வர்ணம் ரெடி. மறுநாளுக்கு வைத்தால் நாறிவிடும். தினம் ஒரு புது முட்டை!

இதில் நாட்டுக்கோழி விவகாரமும் உண்டு. 1400-ம் ஆண்டுவாக்கில் வாழ்ந்த செனினோ செனினி என்ற ஓவியர், தொழில் நுணுக்கங்களை ஒரு நூலாகவே எழுதி வைத்தார். பட்டணத்துக் கோழியின் கரு வெளுப்பு. அது இளசுகளின் முகத்துக்கு. கிராமத்துக் கோழியின் கரு சிவப்பு; அது வயசானவர்கள் முகத்துக்கு என்கிறார் அவர்!

காய்வது எப்படி?

ஆப்பாயில் சாப்பிட்ட தட்டை உடனே கழுவாமல் விட்டுப் பாருங்கள். மஞ்சக்கரு எப்படிப் பிடித்துக்கொள்கிறது! ஓவியத்திலும் அதே கதைதான். பலகையில் தொட்டு வைத்த கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் ஆவியாகிறது. கருவில் உள்ள கொழுப்பும் புரதமும் வர்ணத்தைக் கவ்விக்கொள்கின்றன. மாதக்கணக்கில் இறுகி இறுகி அது கெட்டியாகிறது.

வசதியும் அதுதான், வம்பும் அதுதான். எண்ணெய் வர்ணம்போல் ஒன்றோடு ஒன்றைத் தேய்த்துக் கலக்க முடியாது. ஆப்பிள் உருண்டையாகத் தெரிய வேண்டுமானால், மெல்லிய தூரிகையால் மயிர்க்கோடுகளை ஆயிரக்கணக்கில் அடுக்க வேண்டும். வெள்ளரிக்காயின் ஒவ்வொரு பருவுக்கும் நிழல் தனி, வெளிச்சம் தனி. பொறுமை இல்லாதவன் கை வைக்க முடியாத வேலை.

ஈ உட்கார்ந்திருக்கிறது!

அப்படி 1480 வாக்கில் கிரிவெல்லி வரைந்த 'மேரியும் குழந்தையும்' படம் அமெரிக்காவில் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. உயரம் 15 அங்குலம், அகலம் 10 அங்குலம். ஒரு காலண்டர் அளவுதான். மேலே ஆப்பிளும் வெள்ளரிக்காயும் கொத்தாகத் தொங்குகின்றன. பறித்துக் கடிக்கலாம்போல இருக்கும்! கீழே கல் விளிம்பில் ஓர் ஈ. கையை வீசி விரட்டப் போனால் ஏமாறுவீர்கள், அதுவும் வர்ணம்தான்.

ஆப்பிளும் ஈயும் பாவத்துக்கு அடையாளம். வெள்ளரிக்காயும், குழந்தை இயேசு கையில் உள்ள சிறு பறவையும் பாவ விமோசனத்துக்கு அடையாளம் என்பது மியூசியம் தரும் விளக்கம். பார்க்கிறவர்களுக்கு எல்லாமே நாலு காசு மார்க்கெட் சரக்கு. மாதா முகத்துக்கு எடுத்த சிரத்தையை அந்த வெள்ளரிக்காய்க்கும் எடுத்திருக்கிறார் கிரிவெல்லி. பழம், காய்களை மட்டுமே வைத்துத் தனிப்படம் வரையும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியது அதற்கு 100 ஆண்டுக்கும் பிறகுதான்.

கைதிக்குப் பட்டம்

1490-ல் காப்புவா இளவரசர் பெர்டினாண்டு, கிரிவெல்லிக்கு 'நைட்' பட்டம் கொடுத்தார். அன்று முதல் படங்களில் கையெழுத்தோடு பட்டமும் சேர்ந்துகொண்டது.

ஆனால் அதற்கு முன்பும் பின்பும் அந்தக் கையெழுத்தில் மாறாமல் இருந்தது ஒரு வார்த்தை. போன ஊரில் எல்லாம் அவர் தன்னை எழுதிக்கொண்டது இப்படித்தான்: 'வெனிஸ்காரன்'. உள்ளே தள்ளிய ஊரின் பெயரை மனுஷன் கடைசிவரை விடவில்லை!