சப்பாத்திக்கள்ளியை அறிவோம்

கோலார் தங்கவயலைச் சுற்றியுள்ள நிலம் பாறைகள் நிறைந்தது, மழை குறைந்தது. அங்கு வேலியோரங்களிலும் பாறை இடுக்குகளிலும் வளரும் முட்செடிகளுள் ஒன்று சப்பாத்திக்கள்ளி. தமிழர், கன்னடர், தெலுங்கர் கலந்து வாழும் இவ்வூரில் இதற்குப் பெயர்கள் பல. சப்பாத்து என்பது காலணியைக் குறிக்கும். கன்னடர் இதனைப் பாபாசுகள்ளி என்பர். பாபாசு என்பதும் காலணியே. தெலுங்கில் நாகஜெமுடு எனவும், தமிழில் நாகதாளி எனவும் வழங்குவர்.

அடையாளம்

காலணி போன்ற தட்டையான பச்சைப் பகுதியைப் பலர் இலை என்று கருதுவர். அஃது இலையன்று, தண்டு. நீரைச் சேமிப்பதும் உணவைத் தயாரிப்பதும் அதுவே. உண்மையான இலைகள் இளந்தண்டில் மிகச் சிறியனவாகத் தோன்றி, விரைவில் உதிர்ந்துவிடும். தண்டில் ஆங்காங்கே சிறு புள்ளிகள் உள்ளன. அவற்றில் நீண்ட முட்களும், மயிரினும் மெல்லிய நுண்முட்களும் இருக்கும். நீண்ட முள் கண்ணுக்குப் புலப்படும். நுண்முள் எளிதில் புலப்படாது. தொட்டவுடன் தோலில் தைக்கும். பூ மஞ்சள் நிறம், பழம் கருஞ்சிவப்பு. பழத்திலும் நுண்முட்கள் உண்டு. ஆதலால் வெறுங்கையால் பறித்தல் ஆகாது.

பெயர் ஒன்று, குடும்பம் வேறு

சதுரக்கள்ளியின் தண்டு பட்டை பட்டையாகவும், திருகுகள்ளியின் தண்டு பென்சில் போல உருண்டும் இருக்கும். இவற்றை ஒடித்தால் வெண்பால் வடியும். அப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. சப்பாத்திக்கள்ளியில் அத்தகைய பால் இல்லை. எனினும் ஒடித்துப் பார்த்து அறிய முயலக்கூடாது. வடிவத்தைக் கொண்டே வேறுபாட்டை அறியலாம்.

தாயகமும் வருகையும்

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டுக் கொடியில் கழுகு அமர்ந்திருப்பது இக்கள்ளியின் மீதுதான். இதன் சாற்றை உறிஞ்சி வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் கிடைக்கும். அச்சாயத்தை இந்தியாவிலேயே பெற விரும்பி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் இந்தியாவுக்கு வந்த பூச்சியோ உயர்ந்த சாயம் தரும் இனமன்று. சாய முயற்சி தோற்றது. கள்ளி வகைகளோ நாடெங்கும் பரவி, விளைநிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடின. 1926இல் இலங்கை வழியாக வேறொரு கொச்சினீல் இனம் கொண்டுவரப்பட்டது. அது தென்னிந்தியாவில் கள்ளிப் புதர்களைப் பெருமளவு அழித்தது. சாயத்திற்காக நாடிய பூச்சியின் உறவே கள்ளிக்குப் பகையாயிற்று. இன்றும் சில தண்டுகளில் வெண்பஞ்சு போன்ற படலத்தைக் காணலாம். அஃது அப்பூச்சியின் மெழுகுப் போர்வை.

வாழிடம்

வறண்ட, நீர் தேங்காத, வெயில் மிகுந்த நிலமே இதற்கு ஏற்றது. தங்கவயலின் சயனைடு மேடுகள் இயற்கை நிலமல்ல. தங்கம் பிரித்தபின் எஞ்சிய கழிவுமண் குவியல்கள். அங்குச் செடி தேடிச் செல்லுதல் கூடாது. செடியை அறிய விரும்புவோர் பெரியவர் துணையுடன் எட்ட நின்று நோக்குதல் நன்று.

சொற்பொருள்
இடுக்கு – குறுகிய இடைவெளி
புலப்படும் – தெரியும்
படலம் – மெல்லிய மூடல்

விடை எழுதுக
1. சப்பாத்திக்கள்ளியின் தட்டையான பகுதி இலையா, தண்டா? விளக்குக.
2. சப்பாத்திக்கள்ளியையும் சதுரக்கள்ளியையும் எவ்வாறு வேறுபடுத்துவாய்?
3. உன் வீட்டின் அருகே காணும் ஒரு செடிக்குத் தமிழிலும் கன்னடத்திலும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுக.