உங்களுக்குத் தெரியுமா? ஈயக்குட்டை முதல் போர்ட் கிள்ளான் வரை: ராட், ரீல், நரம்பு

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே தூண்டிலோடு கிளம்புகிறவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். ராட்டுக்கும் ரீலுக்கும் நூற்றுக்கணக்கில் வெள்ளி செலவழிக்கிறோம். வாங்கியதை மீனுக்கும் தண்ணீருக்கும் ஏற்றபடி திருகிச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஒதுக்குகிறவர்கள் குறைவு. கைக்கு வந்த மீன் தப்புவது பெரும்பாலும் அதனால்தான்.

◆ அமெரிக்கர்கள் கொண்டாடும் லார்ஜ்மவுத் பாஸ் நம் குட்டைகளின் மீன் அல்ல. இங்கே பாஸ் என்ற பெயரில் நரம்பை இழுப்பவை இரண்டு. ஒன்று, பழைய ஈயக்குட்டைகளில் பெருகிவிட்ட பீகாக் பாஸ். தென் அமெரிக்க மீனான இதற்கு உறவுமுறையில் திலாப்பியாதான் நெருக்கம். மற்றது ஆசிய சீபாஸ். மலாய்க்காரர்கள் சியாக்காப் என்பார்கள், நமக்குக் கொடுவா. போர்ட் கிள்ளான் கழிமுகத்திலும் உண்டு, மணிக்கணக்கில் காசு கட்டிப் பிடிக்கும் குளங்களிலும் உண்டு. இவற்றோடு விரால் இனத்து ஹாருவானையும் தோமானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ் மீனுக்கென்று அமெரிக்காவும் ஜப்பானும் செய்த சாமான்கள் நம் ஊரில் இந்த நான்குக்கும்தான் உழைக்கின்றன.

◆ 1857இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி, கொம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் இறங்கி, அம்பாங் பக்கம் ஈயம் தேடிப் போனார்கள். கோலாலம்பூர் பிறந்தது அப்படித்தான். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. பள்ளங்களில் தண்ணீர் நின்றது. சுங்கை பீசியில் பேர்பெற்ற ஹோங் ஃபாட் சுரங்கம் இன்று தி மைன்ஸ் ஏரி. டிங்கிலில் பாயா இண்டா ஈரநிலமும் பழைய ஈய பூமிதான்.

இந்த வரலாறு தூண்டில் வீச்சுக்கு நேரடியாக உதவும். தோண்டிய பள்ளம் என்பதால் கரையிலிருந்து இரண்டு எட்டிலேயே ஆழம் விழும். மீன் அந்தச் சரிவை ஒட்டித்தான் காத்து நிற்கும். நடுக்குட்டையைக் குறிவைத்து வீசுவதைவிட, கரைக்கு இணையாக வீசி இழுப்பதே பலன் தரும். அந்தக் கரை மணல் சரியக்கூடியது. எவ்வளவு ஆசை காட்டினாலும் தண்ணீரில் இறங்கி நின்று வீசாதீர்கள்.

◆ ராட்டின் கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று அவுன்சில், மற்றது பவுண்டில். அவுன்ஸ் கணக்கு அந்த ராட் வீசக்கூடிய லூரின், அதாவது செயற்கை இரையின், எடை. பவுண்டு கணக்கு அது தாங்கும் நரம்பு. கால் அவுன்ஸ் என்பது 7 கிராம், அரை அவுன்ஸ் 14 கிராம். கால் முதல் முக்கால் அவுன்ஸ் என்று எழுதிய ராட்டில் 3 கிராம் லூரைக் கட்டினால் ராட் வளையவே வளையாது. வளையாத ராட் வீசாது. ‘ராட் சரியில்லை’ என்று திட்டுவதற்கு முன் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

◆ தாமரையும் பாசியும் மூடிய குட்டையில் ஹாருவானுக்கு ரப்பர் தவளை போடுகிறீர்களா? விறைப்பான ராட், 30 முதல் 50 பவுண்டு பின்னல் நரம்பு. விராலின் வாய் எலும்பும் பல்லுமாக இருக்கும். தொய்வில்லாத நரம்புதான் முள்ளை அதில் ஏற்றும். திறந்த நீரில் மும்முனை முள் தொங்கும் லூரைப் பீகாக் பாஸுக்கு இழுக்கும்போது கதையே வேறு. அங்கே விறைத்த ராட் முள்ளைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், கொஞ்சம் இளகிய ராட் மீனோடு சேர்ந்து வளைந்து முள்ளைக் காப்பாற்றும். ஒரே ராட்டில் இரண்டையும் செய்ய நினைப்பவர் இரண்டிலும் பாதி மீனை விடுவார்.

◆ டூபாண்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது 1938இல். அதற்கு முன்பு பட்டு, லினன் போன்ற நூல்கள்தான் தூண்டிலில் ஓடின. மீன் பிடித்து முடித்ததும் பட்டு நூலை உலர்த்தாவிட்டால் மட்கிப்போகும்.

◆ கடையில் விற்கும் மூன்று நரம்புகளுக்கும் தண்ணீரில் மூன்று குணம். பி.இ. என்கிற பின்னல் நரம்பு தண்ணீரைவிட லேசு, மிதக்கும். நைலான் தங்கூசி மெல்ல அமிழும். ஃபுளோரோகார்பன் தண்ணீரைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு கனம், மூழ்கும். நீர்மேல் துள்ளும் லூரை ஃபுளோரோகார்பனில் கட்டினால் நரம்பே அதன் மூக்கைக் கீழே இழுத்துவிடும்.

ஒளி வளைவதிலும் வித்தியாசம் உண்டு. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு ஏறத்தாழ 1.53. தண்ணீரின் எண்ணை நெருங்க நெருங்க நரம்பு மீன் கண்ணுக்கு மங்கும். தெளிந்த நீருக்கு இது மெய்யாகவே பயன்படும். மழைக்குப்பின் தேநீர் நிறத்தில் கிடக்கும் குட்டைக்கு அந்தக் கூடுதல் காசு தேவையில்லை என்பது என் கருத்து.

◆ பி.இ. 1, பி.இ. 2 என்று ஸ்பூலில் எழுதியிருப்பது ஜப்பானிய அளவு. அது பலத்தைச் சொல்வதில்லை, பருமனைச் சொல்கிறது. பி.இ. 1 என்றால் ஏறத்தாழ 0.165 மில்லிமீட்டர்; பி.இ. 2 என்றால் 0.235. அதே பருமனில் ஒரு கம்பெனி 30 பவுண்டு என்று எழுதும், இன்னொன்று 40 என்று எழுதும். நரம்பை ஒப்பிட்டு வாங்கும்போது எண்ணைப் பாருங்கள், பவுண்டை அப்புறம் பாருங்கள்.

◆ பின்னல் நரம்பை ஸ்பூலில் நேரே கட்டினால் பெரிய மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் ஸ்பூலின்மேல் வழுக்கும். இழுவிசைக்கேற்ப நரம்பை விடும் டிராக் கெட்டுப்போனதாக நினைத்து ரீலைக் கடைக்குத் தூக்கிப்போவார்கள். அடியில் பத்துச் சுற்று நைலான் சுற்றி அதன்மேல் பி.இ.யைக் கட்டினால் போதும், ரிப்பேர்ச் செலவு இல்லை.

◆ ஒருமுறை கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பூல் பலமுறை சுற்றும் ரீலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் பாஸ் மீனுக்காகச் செய்தவர் ஜார்ஜ் ஸ்னைடர். அவர் கடிகாரம் செய்பவர். இன்று நாம் ஸ்பின்னிங் ரீல் என்று சொல்லும் வகைக்கு 1905இல் காப்புரிமை வாங்கிய ஆல்பிரட் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நூற்பாலை முதலாளி. நூல் கண்டின் நுனியிலிருந்து இழை தானாகக் கழன்று வருவதைத் தினமும் பார்த்தவர் அவர்.

◆ பேட்காஸ்டர் ரீல் வாங்கி, முதல் நாளே நரம்பு சிக்கிக் குருவிக்கூடாகி, அலமாரியில் வைத்துவிட்டவர்கள் பல வீட்டில் உண்டு. ரீலின் குற்றம் அல்ல. லூர் காற்றில் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுற்றுவதால் வரும் சிக்கல் அது. சரிசெய்ய இப்படிச் செய்யுங்கள்.

வீசப்போகும் லூரையே கட்டுங்கள். ராட் நுனியை உயர்த்தி, கைப்பிடிப் பக்கத்துச் சின்னத் திருகை இறுக்கிவிட்டு ஸ்பூலை விடுவியுங்கள். லூர் அசையாது. இப்போது திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்ட மாத்திரத்தில் ஸ்பூலும் நிற்க வேண்டும். அதற்குப்பின் ஒரு சுற்றுக்குமேல் ஓடினால் திருகை மறுபடி இறுக்குங்கள். அடுத்து, எதிர்ப்பக்கத்தில் 1 முதல் 10 வரை எண் போட்ட காந்தப் பிரேக் இருந்தால் 8இல் வைத்துத் தொடங்கி, கை பழகப் பழக ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கடைசிப் பிரேக் உங்கள் கட்டைவிரல். லூர் தண்ணீரைத் தொடும் நொடியில் விரல் ஸ்பூலில் அழுந்தியிருக்க வேண்டும். லூரை மாற்றினால் எடை மாறும், எடை மாறினால் திருகலையும் மாற்ற வேண்டும். நண்பரின் ரீல் அளவை அப்படியே வைத்துக்கொண்டு வீசுகிறவர் பாதி நாளைச் சிக்கெடுப்பதில் கழிப்பார்.

◆ ரீல் பெட்டியில் 6.3:1 என்றிருந்தால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 6.3 சுற்று. ஸ்பூல் நிறைய நரம்பிருந்து அதன் குறுக்களவு 34 மில்லிமீட்டர் என்றால், ஒரு சுற்றில் 67 சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வரும். அரைகுறையாக நரம்பு சுற்றிய ரீல் மெதுவாக இழுப்பதும், வீச்சு குறைவதும் இதனால்தான்.

◆ டிராக்கை விரலால் இழுத்துப் பார்த்து ‘சரியா இருக்கு’ என்பதுதான் நம் பழக்கம். ஒரு சின்ன வில் தராசு இருந்தால் அந்தச் சந்தேகமே வேண்டாம். நரம்பை வளையங்கள் வழியாக எடுத்துத் தராசில் கட்டி, ராட்டை மீன் இழுப்பதுபோல வளைத்துப் பிடியுங்கள். நரம்பின் பலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு ஸ்பூல் வழுக்கத் தொடங்க வேண்டும். 20 பவுண்டு நரம்பு என்றால் 5 பவுண்டு, அதாவது இரண்டே கால் கிலோ. மீதி மூன்று பங்கு எதற்கு என்று கேட்பீர்கள். முடிச்சு நரம்பின் பலத்தில் ஒரு பகுதியைத் தின்னும். வளைந்த ராட்டின் உராய்வு இன்னொரு பகுதி. எல்லாவற்றையும்விட முக்கியம் இது: மீன் ஓட ஓட ஸ்பூலில் நரம்புச் சுற்றின் குறுக்களவு சுருங்கும். அது பாதியானால், நீங்கள் எதையும் திருகாமலேயே நரம்பின்மீது இழுவிசை இரண்டு மடங்காகிவிடும். தோமான் தூரம் ஓடியபின் நரம்பு ‘டப்’ என்று அறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. அது ஓடும்போது டிராக்கை இறுக்கவே கூடாது.

◆ தோமான் மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டிய மீன். தண்ணீர்ப்பரப்பு ஓரிடத்தில் குபுக்கென்று குமிழியிட்டால் அங்கே லூர் போய் விழ வேண்டும், அதுவும் உடனே. ஆனால் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே கொப்பளிப்பதைப் பார்த்தால் வீசாதீர்கள். தாயும் தகப்பனும் அடியில் காவலிருக்கும். கோபத்தில் லூரைக் கட்டாயம் கடிக்கும். அவற்றைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். அப்படிப் பிடிப்பதில் திறமை எதுவும் இல்லை.

◆ கொடுவா ஆணாகப் பிறந்து, வளர்ந்து, பின்னால் பெண்ணாக மாறும். ஏறத்தாழ ஒரு மீட்டரை எட்டிய மீன் அநேகமாகத் தாய்மீன். கழிமுகத்தில் அப்படி ஒன்று கிடைத்தால் படமெடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். நடுத்தர மீனே சட்டிக்கு ருசி. அதன் செவுள்மூடியின் ஓரம் கத்தி மாதிரி. பிடிக்கும்போது விரலையும் அறுக்கும், இழுக்கும்போது நரம்பையும் அறுக்கும். பின்னல் நரம்பின் நுனியில் லீடர் எனும் 40 பவுண்டு தடித்த நரம்பு ஒரு மீட்டராவது இல்லாமல் இதற்குத் தூண்டில் போடுவது வீண். இந்தியாவில் கொடுவாக் குஞ்சுகளை முதன்முதலில் அடைப்பில் உற்பத்தி செய்தது சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம், 1997இல்.

◆ கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்த ரயில் 1886இல் ஓடத் தொடங்கியது. பின்னர் அது சுவெட்டன்ஹம் துறைமுகத்தைத் தொட்டது. 1972இல் அந்தத் துறைமுகம் போர்ட் கிள்ளான் ஆனது. அந்த இருப்புப்பாதைகளில் உழைத்த தமிழர்கள் குடியேறிய இடங்களில் பிரிக்ஃபீல்ட்ஸும் ஒன்று. இன்றும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு நடந்து, போர்ட் கிள்ளான் கொமுட்டர் ரயில் பிடித்தால், கடைசி நிலையத்திலிருந்து கெத்தாம் தீவுப் படகுத்துறை நடக்கும் தூரம். இந்தப் பயணத்துக்கு நான்கு துண்டாகக் கழலும் ராட் வாங்குங்கள். ரயிலில் யார் கண்ணையும் குத்தாது.

◆ உப்புத்தண்ணீரில் போட்ட ரீலைக் கழுவுமுன் டிராக்கை நன்றாக இறுக்குங்கள், உள்ளே தண்ணீர் போகாது. மெல்லிய நன்னீர்த் தூவல் போதும். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளே ஏறும். காய்ந்த பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வளையங்கள் நசுங்கி, அடுத்தமுறை இழுவை விட்டுவிட்டு வரும்.

◆ ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்துக்கு ஜொகூர் பொந்தியானில் தொழிற்சாலை இருக்கிறது. கடையில் ஷிமானோ ரீலின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் ‘மேட் இன் மலேசியா’ என்றிருக்கும்.

◆ லார்ஜ்மவுத் பாஸில் உலகச் சாதனை இரண்டு பேருக்குச் சொந்தம். 1932 ஜூன் 2இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009 ஜூலை 2இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஒரு அவுன்சுக்கும் குறைவாகவே கூடுதல். 2 அவுன்சாவது கூடினால்தான் சாதனை முறியும் என்பது விதி. ஆகவே சமம்.

◆ 1960களின் கடைசியில் பனாமாவில் பீகாக் பாஸ் ஒரு குளத்திலிருந்து தப்பி கத்தூன் ஏரிக்குள் போனது. சில ஆண்டுகளில் அங்கிருந்த உள்ளூர் மீன்களில் பல காணாமல் போய்விட்டன. 1973இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் இது பதிவாகியுள்ளது. உயிரோடு பிடித்த பீகாக் பாஸை வேறொரு குட்டைக்குக் கொண்டுபோய் விடுவது நம் ஹாருவானுக்கும் அதே கதியை வரவழைக்கும்.

◆ கார்பன் ராட்டில் மின்சாரம் பாயும். நம் பள்ளத்தாக்கோ உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. பிற்பகலில் மேற்கே கறுத்து இடிச்சத்தம் கேட்டால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் ராட்டைக் கீழே வைத்துவிட்டு காருக்குள் போய்விடுங்கள்.

◆ கரையில் அறுத்தெறிந்த நைலான் நரம்பு வருடக்கணக்கில் மட்காது. நாரையின் காலையும் உடும்பின் கழுத்தையும் அது சுற்றிக்கொள்ளும். சிக்கெடுக்க முடியாத நரம்பை வீட்டுக்கு எடுத்துவந்து, கத்தரிக்கோலால் விரல்கடை நீளத் துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். பக்கத்தில் தூண்டில் போடுகிற அண்ணனுக்கும் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.