குழந்தையின் சளியும் குமாஸ்தாவின் எண்ணும்

கைக்குழந்தைக்குச் சளி பிடிக்கிறது. இரண்டொரு நாளில் இருமல். பிறகு மூச்சு இழுக்கிறது. விலா எலும்புகளின் இடையே சதை உள்வாங்குகிறது. பால் குடிக்க மறுக்கிறது. தாய் பதறிப்போய்க் குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள்.

சில நாட்களில் குழந்தை சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறது. தாய்க்கு அத்துடன் கவலை விட்டது. ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அக்குழந்தை ஓர் எண்ணாக நிற்கிறது. அந்த எண்ணைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

குரங்குக்கு வந்த ஜலதோஷம்

1956-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்காக வளர்த்த சிம்பன்ஸிக் குரங்குகளுக்கு ஜலதோஷம் கண்டது. அவற்றிடமிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். மறு வருஷமே டாக்டர் ராபர்ட் சானாக்கும் அவருடைய சகாக்களும் பால்டிமோர் நகரக் குழந்தைகளிடம் அதே கிருமியைக் கண்டார்கள். அதன் பெயர் சுருக்கமாக ஆர்.எஸ்.வி. பெரியவர்கள் பெரும்பாலோருக்கு அது வெறும் ஜலதோஷம். கைக்குழந்தையின் மெல்லிய மூச்சுக் குழல்களையோ அது வீங்கச் செய்து, சளியால் அடைத்துவிடுகிறது.

வியாதிக்கு ஓர் எண்

மரணக் காரணங்களை வகைப்படுத்தி 1893-ல் பட்டியல் தந்தவர் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1948-ல் அப்பணியை உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றது. அதன் பத்தாம் திருத்தத்தில், ஆர்.எஸ்.வி.யால் சிறு மூச்சுக் குழல் வீங்கினால் 'ஜே 21.0', நிமோனியா கண்டால் 'ஜே 12.1', மூச்சுக் குழல் வீக்கத்துக்கு எந்தக் கிருமி காரணம் என்று தெரியாவிட்டால் 'ஜே 21.9'. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, பதிவேட்டுக் குமாஸ்தா எண்ணைப் போடுகிறார். எண்களைக் கூட்டினால் வியாதியின் பளு தெரிந்துவிடும். எவ்வளவு சுலபம்!

சுலபந்தானா?

கிருமி எதுவானாலும் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றே: பிராணவாயு, நீராகாரம், கண்காணிப்பு. ஆகவே எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனை வேண்டியதில்லை என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2006-ல் யோசனை கூறியது. சோதனை இல்லையேல் கிருமியின் பெயர் இல்லை. குழந்தை 'காரணம் தெரியாத' கூட்டத்தில் போய்ச் சேர்கிறது.

1980 முதல் 1996 வரை, ஐந்து வயதுக்குட்பட்ட அமெரிக்கக் குழந்தைகள் மூச்சுக் குழல் வீக்கத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது சுமார் 16.5 லட்சம் தடவை. ஒரு வயது நிரம்பாதவர்களில் ஆயிரத்துக்கு 12.9 ஆக இருந்த கணக்கு 31.2 ஆக ஏறியது. வியாதி பெருகியதா, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வழக்கம் பெருகியதா? எண்ணுக்கு வாய் இல்லையே!

ஆராய்ச்சியாளர்கள் காலண்டரைப் புரட்டினார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வந்தவர்களில் பாதி முதல் ஐந்தில் நான்கு பங்கு வரை இக்கிருமியின் வேலை என்று வைத்துக் கணக்கிட்டார்கள். வருஷத்துக்கு 51,240 முதல் 81,985 வரை என்று விடை வந்தது. இரண்டுக்கும் நடுவே முப்பதாயிரம் குழந்தைகள்!

மூக்கைச் சோதித்தார்கள்

பிறகு நாஷ்வில், ராச்செஸ்டர், சின்சினாட்டி ஆகிய மூன்று ஊர்ப் பகுதிகளில், டாக்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், குழந்தைகளின் மூக்குச் சளியை எடுத்துச் சோதித்தார்கள். 2009-ல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதத்துக்குட்பட்ட ஆயிரம் குழந்தைகளில் 17 பேர் இக்கிருமியால் ஆஸ்பத்திரி சேர்ந்தனர். கிருமி கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் முன்பு எந்தக் குறையும் இல்லாதவர்கள்! குறைமாதக் குழந்தைகளையும் இருதயக் கோளாறு உள்ளவர்களையும் மட்டும் காத்தால் போதாது என்பது புலனாயிற்று.

2023-ல் அமெரிக்காவில் குழந்தைக்குப் போடும் நிர்செவிமாப் ஊசியும், 32 முதல் 36 வாரக் கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும் அனுமதி பெற்றன.

2019-ல் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் இக்கிருமியால் மாண்டதாக மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் ஏழை, நடுத்தர நாட்டுக் குழந்தைகள். சோதனையும் பதிவேடும் அரிதாக உள்ள இடங்கள் அங்கேதான் அதிகம். கணக்கில் வராத குழந்தைக்கு ஊசி வாங்க எந்த சர்க்கார் பணம் ஒதுக்கும்? குமாஸ்தா போடும் ஓர் எண்ணுக்கு இத்தனை மதிப்பு உண்டு.