இருபது சதுர மீற்றரும் ஒரு கார்பெற்றும்

"பைப் எப்பிடி வளைஞ்சு ஓட வேணும் எண்டு கணினியே கீறித் தருமாமே அண்ணை?" ரொறன்ரோவில் வீட்டின் பின்பக்கம், தரைக்குள் சுடுதண்ணீர்க் குழாய் ஓடிச் சூடேற்றும் ஓர் அறை கட்டத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவன், பிளேன்டீயும் கையுமாகக் கேட்டான். தரும்தான். லூப்காட் போன்ற மென்பொருளில் அறையைக் கீறினால், நத்தை ஓட்டுச் சுருள்போல் குழாயை நொடியில் வரைந்துவிடும். ஆனால் படம் கடைசியில் வருவது. மென்பொருள் முதலில் கேட்பதெல்லாம் சுவருக்குள் என்ன இன்சுலேஷன், யன்னல் எவ்வளவு பெரிது, கண்ணாடி எத்தனை அடுக்கு, வெளியே எத்தனை பாகைக் குளிர் என்றுதான். அறை எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று தெரியாமல் எந்தக் குழாயும் வேலைக்கு ஆகாது.

அவனது அறை 20 சதுர மீற்றர். போட்டுப் பார்த்தோம். கடுங்குளிரில் 1,600 வாட் போகிறது. சதுர மீற்றருக்கு 80. அறை 20 பாகையில் இருக்க, தரை 27 பாகைக்குக் கொஞ்சம் மேலே நின்றால் போதும். ஆள் புழங்கும் தரை 29-ஐத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய நியமம். அந்த 29-இலும் சதுர மீற்றருக்கு 100 வாட்தான் கிடைக்கும். தோட்டம் தெரியப் பெரிய கண்ணாடிக் கதவு வேண்டும் என்றான். மாற்றினேன், 2,200 வாட், அதாவது 110. தரையால் ஏலாது. கதவோரமாகக் குழாயை நெருக்கி அங்கு மட்டும் 35 வரை விடலாம், ஆனால் கதவைச் சிறிதாக்குவதுதான் என் கட்சி. முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

பிறகு குழாய். 20 சென்ரிமீற்றர் இடைவெளி என்றால் சதுர மீற்றருக்கு 5 மீற்றர், அறைக்கு 100. குழாய்கள் வந்து சேரும் மனிஃபோல்ட் பெட்டிக்குப் போய்வர இன்னும் 12. அரை அங்குலக் குழாயை ஏறக்குறைய 90 மீற்றருக்கு மேல் ஒரே சுற்றாக விட்டால் பம்ப் திணறும். எனவே இரண்டு சுற்று, 56 மீற்றர் வீதம். ஒன்று 30, மற்றது 82 என்று பிரித்தால் தண்ணீர் குட்டை வழியாலேயே ஓடப் பார்க்கும். பிறகு வால்வைத் திருகிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கொங்கிறீட்டுக்கு அடியிலும் இன்சுலேஷன் போடச் சொன்னேன், இல்லாவிட்டால் மண்ணுக்கும் சேர்த்துக் காசு கட்டுவான்.

"மேலை என்ன விரிக்கப் போறாய்?"

"அம்மாவுக்குத் தடிச்ச கார்பெற்தான் விருப்பம்."

தரை ஓடு என்றிருந்ததைக் கார்பெற் என்று மாற்றினேன். ஓட வேண்டிய தண்ணீரின் சூடு 38 பாகையிலிருந்து 50-க்கு ஏறியது. அவன் வாங்கப்போவதோ ஹீட் பம்ப். தண்ணீரை எவ்வளவுக்குச் சூடாக்க வேண்டுமோ அவ்வளவுக்கு அது மின்சாரம் குடிக்கும்.

ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அம்மாட்டை நீங்களே கதையுங்கோ அண்ணை" என்றான்.