வலைக்கு வெளியே தவிக்கும் கோழி

வீட்டுக்குப் பின்னால் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். பகலெல்லாம் மேய்ந்த கோழிகள் பொழுது சாயும்போது ஒவ்வொன்றாக அடைப்புக்குள் போய்விடும். ஒன்று மட்டும் கம்பிவலைக்கு வெளியே நிற்கும். உள்ளே தீவனத் தட்டு தெரிகிறது, கூடவே திரிந்த மற்ற கோழிகள் தெரிகின்றன. கழுத்தை வலைக் கண்ணுக்குள் நுழைக்கும், வெளியே இழுக்கும். நெஞ்சை வலையில் அழுத்திக்கொண்டு இடது பக்கம் நாலடி ஓடும், உடனே திரும்பி வலது பக்கம் ஓடும். தினமும் இது நடந்தால் வலையோரம் புல் செத்து, மண்ணில் ஒரு தடமே விழுந்திருக்கும். கதவோ பத்தடி தள்ளி அகலத் திறந்து கிடக்கும்.

கோழிக்கு அறிவில்லை என்று அலுத்துக்கொண்டு குச்சியை எடுத்துவிடுகிறோம். அந்தப் பழியைக் கோழி மேல் போடக் கூடாது. பெரும்பாலும் குறை நாம் அடைப்பைக் கட்டியிருக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

கோழி இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். போக வேண்டிய இடம் ஒரு சாண் தூரத்தில் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர, முதலில் அதற்கு முதுகைக் காட்டி விலகி நடக்க வேண்டும். வேண்டியதைவிட்டு விலகிப் போனால்தான் வேண்டியது கிடைக்கும் என்பது கோழிக்கு மிகக் கடினமான காரியம். வோல்ப்காங் கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1910-களில் டெனரிப் தீவில் மனிதக் குரங்குகளின் அறிவை ஆராய்ந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க நாயையும் கோழிகளையும் வேலிக்கு முன்னால் விட்டார். நாய் சட்டென்று திரும்பிச் சுற்றி ஓடியது. கோழிகள் வேலியில் முட்டி முட்டி அங்குமிங்கும் அலைந்தன. அப்படி அலையும்போது வழி கண்ணில் படும் இடத்துக்குத் தற்செயலாக வந்து சேர்ந்த கோழிதான் உள்ளே போனது. நம் வீட்டுக் கோழி செய்வதும் அதையேதான்.

இதற்காகக் கோழி முட்டாள் ஆகிவிடாது. 1990-களில் இத்தாலியில் லூசியா ரெகோலின், ஜார்ஜோ வல்லோர்திகாரா முதலியோர் செய்த சோதனைகளில், பிறந்து சில நாளே ஆன குஞ்சுகள்கூடக் கண்ணுக்கு மறைந்துவிட்ட பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றிப் போயின. மறைந்ததைத் தேடிப் போகத் தெரிந்த பறவை, கண்ணெதிரே தெரிவதைவிட்டு விலக முடியாமல்தான் மாட்டிக்கொள்கிறது. அதைப் பிடித்து வைப்பது வலை வழியாகத் தெரியும் அந்தக் காட்சி.

ஆகவே முதல் வேலை, அந்தக் காட்சியை மறைப்பது. கோழி வழக்கமாக முட்டிக்கொண்டு நிற்கும் பக்கத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குத் தென்னங்கீற்றோ பழைய சாக்கோ கட்டிவிடுங்கள். அந்தப் பக்கம் எதுவும் தெரியாவிட்டால் அங்கே நிற்கக் காரணமில்லை. கோழி நகரும். கதவை ஒட்டிய பகுதியில் மட்டும் வலையை மறைக்காமல் விடுங்கள். தீவனத் தட்டையும் தண்ணீரையும் கதவுக்கு நேரே, உள்ளே ஓரிரு அடி தள்ளி வையுங்கள். பலர் தட்டைக் கதவுக்கு எதிர்க்கோடியில் வைக்கிறார்கள். பின்பக்கமாக மேய்ந்து வரும் கோழியை வலையில் ஒட்டவைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

அடுத்தது கதவு இருக்கும் இடம். வலையின் நட்டநடுவில் இருக்கும் கதவைவிட மூலையில் இருக்கும் கதவு மேல். வலையோரமாக ஓடும் கோழி எப்படியும் மூலைக்கு வந்து சேரும். கீல் எந்தப் பக்கம் என்பதையும் கவனியுங்கள். கீல் மூலைக் கம்பத்தில் இருந்து, கதவு வெளிப்பக்கம் திறந்தால், ஓடிவரும் கோழியை விரிந்து நிற்கும் கதவு தடுத்து வாசலுக்குள் திருப்பிவிடும். கீல் எதிர்ப்பக்கம் இருந்தால் அதே கதவு வாசலை மறைத்துவிடும். கீலை மாற்ற அரை மணி நேரம் போதும், பலன் நிரந்தரம். இடம் பெரிதாக இருந்தால் எதிர்ப்புறம் இன்னொரு சின்ன வாசல் வைத்துவிடுவது எல்லாவற்றையும்விட உத்தமம். ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் இருந்தால் நாட்டுக்கோழிக்குத் தாராளம்.

குஞ்சுத்தாய்க்குத் தனிச் சிக்கல் உண்டு. பெரிய கண் வலை என்றால் குஞ்சுகள் அதன் வழியே உள்ளே நுழைந்துவிடும், தாய் வெளியே நின்று கத்தும். குஞ்சுகளின் குரல் உள்ளேயிருந்து வருவதால் அது வலையைவிட்டு நகரவே நகராது. அடிப்பக்கம் ஒன்றரை அடிக்குச் சிறுகண் வலை அடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, கீரிக்கும் அது தடை. வாசல்படி உயரமாக இருந்தால் குஞ்சுகள் ஏறி இறங்க இருபுறமும் ஒரு செங்கல் போடுங்கள்.

இனி பழக்கம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே சத்தத்தில் கூப்பிட வேண்டும். 'பா... பா... பா' என்று கூப்பிட்டாலும் சரி, தகர டப்பாவில் கம்பைப் போட்டுக் குலுக்கினாலும் சரி. சத்தம் கேட்டு வந்தால் ஒரு கைப்பிடி கம்போ குருணையோ நிச்சயம் கிடைக்க வேண்டும், அதுவும் அடைப்புக்கு உள்ளே மட்டுமே கிடைக்க வேண்டும். வெறும் கையோடு கூப்பிட்டு ஏமாற்றினால் அந்தச் சத்தத்துக்கு மதிப்புப் போய்விடும். கோழிகள் அரைப் பசியோடு இருக்கும் மாலையில் இது நன்றாக வேலை செய்யும். மதியமே வயிறு முட்டத் தீனி போட்டுவிட்டு மாலையில் கூப்பிட்டால் வராது.

நேரம் முக்கியம். பகல் வெளிச்சத்தில் கோழிக்கு நிறம் பிரித்துப் பார்ப்பதில் நம்மைவிடக் கூர்மையான கண். மங்கிய வெளிச்சத்தில் அந்தக் கண்ணுக்குத் திறமை மிகக் குறைவு. இருட்டத் தொடங்கியதும் எங்கே நிற்கிறதோ அங்கேயே உட்கார்ந்துவிடும். எனவே சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே கூப்பிட்டுவிடுங்கள். கொட்டகைக்குள் கும்மிருட்டாக இருந்தால் வெளிச்சத்தைவிட்டு உள்ளே போகத் தயங்கும். சின்ன பல்பு ஒன்று போடலாம். கோழிகள் எல்லாம் கம்பில் ஏறி உட்கார்ந்த பிறகே அதை அணைக்க வேண்டும். முன்பே அணைத்தால் கீழே நிற்பவை ஏற வழி தெரியாமல் தவிக்கும்.

துரத்துவது எதற்கும் உதவாது. பயந்த கோழிக்கு வலை மட்டுமே கண்ணில் படும், கதவு படாது. கட்டாயம் ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு கைகளிலும் நீளமான மூங்கில் குச்சியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, கோழிக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் மெதுவாக நடங்கள். அது கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிய நொடியில் நின்றுவிடுங்கள். கதவருகே ஆளோ நாயோ நிற்கக் கூடாது.

சந்தையில் வாங்கி வந்த கோழியை முதல் நாளே திறந்துவிட்டு, மாலையில் வரவில்லையே என்று வருந்துபவர்கள் நிறைய. அதற்கு இது இன்னும் வீடு இல்லை. ஒரு வாரம் கொட்டகையிலும் அடைப்பிலுமே வைத்துத் தீனி போடுங்கள். பிறகு மாலை அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்துவிடுங்கள். தூரம் போக நேரமிருக்காது, மற்றவற்றின் பின்னாலேயே திரும்பி வந்துவிடும். குஞ்சுப் பருவத்தில் தாயோடு பஞ்சாரத்தில் அடைந்து வளர்ந்த கோழிக்கு இந்தப் பாடம் பெரும்பாலும் தேவைப்படாது.

இவ்வளவு செய்தும் ஒரு கோழி உள்ளே போக மறுத்தால், வழி தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். போக விருப்பமில்லை. கோழிகளுக்குள் மேல் கீழ் வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே இதை 1920-களின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். வாசலில் ஒரு முரட்டுப் பெட்டை நின்று கொத்தினால் கடைசிக் கோழி வெளியேதான் நிற்கும். இரண்டாவது வாசலும், கோழி ஒன்றுக்கு எட்டு அங்குலம் கணக்கில் உட்காரும் கம்பும் இதைத் தீர்க்கும்.

இன்னொரு காரணம் உண்ணியும் செள்ளும். பகலில் இவை மரப் பிளவிலும் சுவர் இடுக்கிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். ராத்திரி முழுக்கக் கடிபட்ட கோழி மறுநாள் அந்தக் கொட்டகைக்கு வர விரும்பாது. ஒன்றல்ல, எல்லாக் கோழிகளும் திடீரென்று வெளியே அடையப் பார்த்தால், இரவில் டார்ச் அடித்துக் கம்பின் அடிப்புறத்தைப் பாருங்கள். பாம்போ பெருச்சாளியோ உள்ளே வந்து போனாலும் இப்படி நடக்கும். கொட்டகையைக் காலி செய்து, இடுக்குகளை அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். மருந்து அடிப்பதென்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டு அடியுங்கள்.

முருங்கையிலும் வேம்பிலும் ஏறி அடையும் கோழியைத் திட்டிப் பயனில்லை. அதன் மூதாதையான காட்டுக்கோழி மரத்தில் அடையும் பறவைதான். நன்றாக இருட்டிய பிறகு எட்டும் உயரத்தில் இருந்தால், இரண்டு கையாலும் இறக்கையைச் சேர்த்துப் பிடித்து இறக்கிக் கொட்டகைக் கம்பில் வையுங்கள். காலையில் அங்கேயே கண் விழிக்கட்டும். சில நாள் விடாமல் செய்தால் இடம் மாறிவிடும். மரநாய்க்கு மரம் ஏறத் தெரியும் என்பதால் இந்தச் சிரமம் வீண் போகாது.

கதவைச் சாத்தும் முன் தினமும் கோழிகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் தேடுவதற்குக் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும் நேரத்திலேயே எண்ணிவிடுங்கள்.