தோட்டத்திற்குக் குடிபெயரும் குடும்பங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து ஒரகடம் நோக்கிச் செல்வோர், தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களையும் அவற்றிற்கிடையே எஞ்சி நிற்கும் ஏரிப் பாசன வயல்களையும் ஒருசேரக் காண்பர். அந்த வயல்களின் ஓரத்தில் இப்போது புதிய குடித்தனங்கள் தோன்றி வருகின்றன. ஆலைப் பணியிலிருந்து விலகியோரும், ஓய்வு பெற்றோரும், நகர வாடகை கட்டுப்படியாகாதோரும் ஐம்பது சென்ட், ஒரு ஏக்கர் என வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ குடும்பத்தோடு குடியேறுகின்றனர். ஆலை வேலை என்றென்றைக்கும் உரியதன்று என்பதை இப்பகுதி மக்கள் நன்கறிவர். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இலும் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-இலும் உற்பத்தியை நிறுத்தியது நினைவிலிருந்து அகலவில்லை.

இவ்வாறு குடிபெயர்வோரில் பலர் எங்கள் புற நோயாளிப் பிரிவுக்கு வருகின்றனர். "நல்ல காற்று, சொந்தக் காய்கறி, இனிச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தாமே குறைந்துவிடும்" என்பது அவர்களது நம்பிக்கை. அது முழுவதும் தவறன்று. உடலுழைப்பு சர்க்கரையைக் குறைக்கும், மனமும் இலேசாகும். எனினும் வாழிடம் மாறும்போது நோய்களும் மாறுகின்றன. நகரில் பல்லாண்டு வாழ்ந்த குடும்பம் இந்த இரண்டாவது மாற்றத்தை எதிர்பார்ப்பதில்லை.

ஒரு குடும்பத்தின் அனுபவத்தை, அவர்களது இசைவுடன், பெயரின்றி இங்கே தருகிறோம். கணவர் உதிரிபாக ஆலை ஒன்றில் ஷிப்ட் பணியில் இருந்தவர். மனைவி, இரு பிள்ளைகள், நீரிழிவுள்ள தாயார் ஆகியோருடன் தாம்பரத்திலிருந்து எண்பது சென்ட் நிலத்திற்கு வந்தார். ஆடியில் வீடு எழும்பியது. கத்தரியும் வெண்டையும் கீரையும் பயிரிட்டனர். ஐப்பசியில் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகளோடு நான்கு நாட்கள் கழிந்தன. தலைவலி தாங்க முடியாததாயிற்று. டெங்கு பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. தட்டணுக்கள் மட்டும் குறைந்திருந்தன. ஆறாம் நாள் மூச்சிரைப்புடன் எங்களிடம் வந்தார்.

அவரது மருத்துவச் சீட்டில் இருந்தது பழைய தாம்பரம் முகவரி. பேச்சினூடே கணவர், "இரண்டு வாரமாக வரப்போரப் புதரை இவள்தான் வெட்டிக்கொண்டிருந்தாள்" என்றார். உடல் முழுவதையும் ஆராய்ந்தபோது, பாவாடை நாடா கட்டும் இடத்தில், சிகரெட் நெருப்புப் பட்டது போன்ற சிறிய கரும்பொருக்கு ஒன்று காணப்பட்டது. வலியில்லை, அரிப்பில்லை. நாடா உரசிய புண் என்று மாமியார் மஞ்சள் தடவி வந்திருக்கிறார்.

அது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். 'உண்ணிக் காய்ச்சல்' என்றும் இதனைக் கூறுவர். ஆயினும் மாட்டின் மேல் நாம் காணும் உண்ணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதரிலும் எலிகளின் மீதும் வாழும், கண்ணுக்குப் புலப்படாத மைட் என்னும் சிற்றுயிரின் இளம்புழு கடிப்பதால் கிருமி உட்புகுகிறது. கடித்துச் சுமார் பத்து நாட்களில் காய்ச்சல் தொடங்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ்ப்புறம், இடுப்பு போன்ற மறைவிடங்களிலேயே பொருக்கு பெரும்பாலும் இருக்கும். சிலருக்குப் பொருக்கே இராது. தக்க காலத்தில் டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுத்தால் இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் தணியும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என ஒவ்வொன்றாகப் பாதிக்கும். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியாகச் செலுத்துவது கூடுதல் பயன் தரும் என்பதை வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகள் சில இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இப்பெண்மணிக்கும் அவ்வாறே சிகிச்சை அளித்தோம். மூன்றாம் நாள் மூச்சு சீரானது. எட்டாம் நாள் வீடு திரும்பினார்.

நோயைக் காட்டிக்கொடுத்தது புதர் வெட்டிய செய்திதான். ஆகவே ஆதார் அட்டையில் எந்த முகவரி இருப்பினும், "நாங்கள் இப்போது தோட்டத்தில் குடியிருக்கிறோம்" என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். சேற்றில் இறங்கினீர்களா, புதர் வெட்டினீர்களா, எலித் தொல்லை உண்டா என்பனவும் பயன்படும். எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலுடன் நிற்பதால் வரும் எலிக் காய்ச்சலையும் இதே கேள்விகள்தாம் நினைவூட்டும்.

எலி இருக்குமிடத்தைப் பாம்பு நாடும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக் கடியை மருத்துவமனைகள் அரசுக்கு அறிவித்தாக வேண்டும். நாங்கள் பெரிதும் அஞ்சுவது கட்டுவிரியனை. அது இரவில் வீட்டினுள் வந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கும். பல்தடமும் வீக்கமும் பெரும்பாலும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண்ணிமை தொங்குதல் ஆகியவை தோன்றினால், உணவு ஒவ்வாமை என்று காத்திராதீர்கள். புதுவீட்டில் கட்டிலும் மெத்தையடியில் செருகிய கொசுவலையும் ஆடம்பரமல்ல. கடிபட்டவரை நடக்கவிடாமல், கை கால் அசையாமல் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கேடு தரும். பாம்பைத் தேடி அடித்து எடுத்து வரவும் வேண்டா. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் மருந்து ஒன்றே. அம்மருந்திற்கான நஞ்சைச் சேகரித்துத் தருவோரில் முதன்மையானவர்கள், 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். அது நம் பகுதிக்கு அருகிலேயே உள்ளது என்பதைப் பலர் அறியார்.

இனி, அந்தக் குடும்பத்தின் தாயாரைப் பற்றி. இன்சுலின் போட்டுக்கொண்டு, சிற்றுண்டிக்கு முன் களை பறிக்கச் சென்ற அவர் இருமுறை வரப்பில் தலைசுற்றி அமர்ந்தார். 'வெயில்' என்றனர் வீட்டார். குளுக்கோமீட்டர் 54 எனக் காட்டியது. உழைப்பு கூடும்போது இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள் ஆகியவற்றின் அளவைக் குறைக்க நேரலாம். அதனை நீங்களாக நிறுத்தாமல், குடியேறிய முதல் மாதத்திலேயே எங்களிடம் வாருங்கள். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர் கோடைக்கு முன் மீண்டும் ஒருமுறை வர வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடப்பது மண்ணுக்குச் செய்யும் மரியாதையாகத் தோன்றலாம். முள் தைத்ததே தெரியாமல், புண் எலும்பை எட்டிய பின் வருவோரை நாங்கள் காண்கிறோம். பின்பட்டையுள்ள செருப்பு அணியுங்கள். இரவில் பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இடத்தில், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் இன்சுலின் குப்பியை நீர் படாதவாறு மூடி வைக்கலாம்.

பூச்சிமருந்தைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தனுர்வாதத் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு கடந்த பெரியவர்கள் மண்வெட்டியைத் தொடுமுன் ஒன்று போட்டுக்கொள்ளட்டும்.

ஒன்று எஞ்சியுள்ளது. 108-ஐ அழைத்தால் "எங்கே வர வேண்டும்?" என்று கேட்பர். சர்வே எண்ணைக் கொண்டு ஓட்டுநர் வழி காண இயலாது. பேருந்து நிறுத்தம், திரும்ப வேண்டிய கோயில் அல்லது ஆலை வாயில், அங்கிருந்து எத்தனையாவது மண்பாதை, மழைக்காலத்தில் வண்டி எதுவரை வரும் என்பவற்றை நான்கு வரிகளில் எழுதி, பிள்ளைகளும் படிக்கும் உயரத்தில் சுவரில் ஒட்டி வையுங்கள். அக்குடும்பத்தினர் அதனைக் கதவின் உட்புறத்தில் சாக்கட்டியால் எழுதியுள்ளனர். மூத்த மகளின் கையெழுத்து.